நம்புலாவில் நான் கேட்ட போர்த்துகீசியம்

பண்ருட்டியில் முந்திரித் தொழில் செய்யும் உறவினருக்காகக் கொட்டை கொள்முதல் செய்ய, மொசாம்பிக்கின் வடக்கிலுள்ள நம்புலா மாகாணத்தில் அறுவடைக் காலம் முழுவதும் தங்கியிருந்தேன். புறப்படும் முன் பிரேசில் ஒலிப்பாடங்களைக் கேட்டு ஓரளவு போர்த்துகீசியம் பயின்றிருந்தேன்.

விடுதி அம்மையார் தந்த 'ஷாவ்' நம் சாவிதான், அவர் திறந்துவிட்ட 'ஜனேலா' நம் ஜன்னல்தான் என்பதால் மொழி எளிதில் வசப்படும் என்று நம்பினேன். மறுநாள் காலையில் அவர் "மாத்தாபிஷு ஆயிற்றா?" என்று கேட்டார். சொல்லைப் பிரித்தால் 'பூச்சியைக் கொல்வது' என்று பொருள் வந்ததால் விழித்து நின்றேன். வெறும் வயிற்றில் சாராயம் அருந்துவதைக் குறித்துப் போர்ச்சுகலில் வழங்கிய அந்தத் தொடர், ஆப்பிரிக்க மண்ணில் காலை உணவுக்கே பெயராகிவிட்டது என்று பிறகு அறிந்தேன்.

எங்கள் ஓட்டுநர் தெற்கே சாங்கானா பேசும் பகுதியைச் சேர்ந்தவர். நாங்கள் சென்ற ஊர்களில் பேசப்பட்டதோ மாக்குவா. இரண்டும் ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே என்றாலும் ஒன்றைப் பேசுபவருக்கு மற்றது விளங்காது. ஆகவே ஓட்டுநரும் ஊராரும் போர்த்துகீசியத்தில் பேசினார்கள். அதிலும் விளைநிலத்தை 'மஷாம்பா' என்ற பாண்டுச் சொல்லாலேயே குறித்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டில், 1975இல் விடுதலை பெற்றபோது, எந்த இனத்தின் மொழியையும் முன்னிறுத்தாமல் நாட்டை ஆண்டிருந்த போர்த்துகீசியரின் மொழியையே ஆட்சிமொழியாக, விடுதலைக்குப் போராடிய ஃபிரெலிமோ இயக்கம் வைத்துக்கொண்டதன் காரணம் அந்த வயல் வரப்பில்தான் எனக்கு உண்மையாக விளங்கியது. 1980 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஏறத்தாழ 1 சதவீதம். 2017இல் சுமார் 17 சதவீதம். இந்த வளர்ச்சி பெரும்பாலும் நகரங்களில் நிகழ்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சிற்றூர்களில் முதியோர் பலருக்குப் போர்த்துகீசியம் தெரியாது. மூன்று மூட்டைக் கொட்டை கொண்டுவந்த ஒரு பாட்டிக்கு, பள்ளியில் படிக்கும் பேரன்தான் எடையையும் விலையையும் மாற்றிச் சொன்னான். பணத்தை எண்ணி வாங்கிய பாட்டி, "கொஷுக்குரு" என்று நன்றி கூறினார். மாக்குவாவில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு கிடையாது. போர்த்துகீசியத்தில் நன்றி சொல்பவர் ஆணா பெண்ணா என்பதற்கேற்பச் சொல் மாறும். அச்சிறுவன் ஒரு கணம் பாட்டியைப் பார்த்துவிட்டு, 'ஒப்ரிகாது' என்று தன் பாலில் சொல்லாமல், "ஒப்ரிகாதா" என்று அவருடைய பாலிலேயே அதை என்னிடம் சேர்த்தான்.