பால் பாட்டில்: எவர்சில்வரா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? பாட்டிலே வேண்டாமா?

தாம்பரம்_அம்மா:
அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். 26 வார விடுப்பில் ஒரு பகுதியைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டதால், அப்போது மகனுக்கு ஐந்தரை மாதம்தான் ஆகியிருக்கும். பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்று திட்டம். பகலில் மாமியார் பார்த்துக்கொள்வார். நாத்தனார் எவர்சில்வர் பாட்டில் வாங்கச் சொல்கிறார், கணவர் கண்ணாடி என்கிறார், கடைக்குப் போனால் “பிபிஏ ஃப்ரீ மேடம்”, அதாவது பிபிஏ என்ற வேதிப்பொருள் இல்லாதது என்று பிளாஸ்டிக்கை எடுத்து நீட்டுகிறார்கள். எதை வாங்குவது? எடுத்த பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்? எங்கள் பகுதியில் அடிக்கடி கரண்ட் போகும், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

எவர்சில்வர்_கட்சி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எவர்சில்வர்தான். கீழே போட்டால் உடையாது, எத்தனை தடவை கொதிக்கவைத்தாலும் அப்படியே இருக்கும். 2020-ல் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பாலிபுரொப்பிலீன் பால் பாட்டில்களைச் சோதித்து ‘நேச்சர் ஃபுட்’ இதழில் எழுதினார்கள். ஒரு லிட்டருக்கு 1.6 கோடி நுண்பிளாஸ்டிக் துகள்கள் வரை உதிர்கின்றனவாம். கடைக்காரர் நீட்டுவது பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக்தான். பிபிஏ இல்லை என்று எழுதிவிட்டால் ஆயிற்றா?

கோவை_பொறியாளர்:
ஆய்வைப் பாதி சொன்னால் எப்படி? 1.6 கோடி என்பது உச்ச அளவு, எல்லாப் பாட்டிலிலும் அவ்வளவு வரவில்லை. அவர்கள் செய்தது பால் பவுடர் கலக்கும் முறை, அதாவது 70 டிகிரி வெந்நீரை ஊற்றிக் குலுக்கியது. சூடு ஏற ஏறத் துகளும் கூடும். தாம்பரம் மேடம் கொடுக்கப்போவது வெதுவெதுப்பான தாய்ப்பால். துகள் உடம்பில் என்ன செய்யும் என்று அந்த ஆய்வு சொல்லவும் இல்லை. பாட்டிலைக் கொதிக்கவைக்கும்போது உதிர்வதற்கு அதே ஆய்வாளர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள்: காய்ச்சி ஆறிய தண்ணீரால் குறைந்தது மூன்று முறை அலசச் சொல்கிறார்கள்.

பிபிஏ பயம் பாலிகார்பனேட் என்ற பழைய ரகப் பிளாஸ்டிக் காலத்துக் கதை. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 14625, 2015-லேயே பால் பாட்டிலில் பிபிஏ கூடாது என்று சொல்லிவிட்டது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் பிளாஸ்டிக் பால் பாட்டிலை விற்கவே கூடாது. ஆகவே அந்த “ஃப்ரீ”யில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எவர்சில்வர்_கட்சி:
மூன்று முறை அலசுவது ஆய்வுக்கூடத்தில் நடக்கும். குழந்தை வீறிட்டு அழும்போது மாமியார் எண்ணிக்கொண்டா அலசுவார்?

பாத்திரக்கடை:
எவர்சில்வர் என்று போடுகிறவர்கள் எந்த எவர்சில்வர் என்றும் சொல்லுங்கள் சார். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் காந்தத்தோடுதான் வருகிறார்கள், ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்று நினைப்பு. எவர்சில்வரில் 304, 202 என்று ரகங்கள் உண்டு, 304-ம் ஒட்டாது, 202-ம் ஒட்டாது. 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் இருக்கும். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், விலை இறங்கும், உப்பு புளி பட்டால் துருப்புள்ளி சீக்கிரம் வரும். அடியில் 304 என்று அச்சு இருக்கும் பாட்டிலாக, பில்லோடு வாங்குங்கள். உள்ளே விரலை விட்டு அடி மடிப்பைத் தடவிப் பாருங்கள். நெருடினால் அங்கே பால் தங்கும், வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

இன்னொன்று: பாட்டில் எவர்சில்வராக இருந்தாலும் குழந்தை வாயில் போவது சிலிக்கான் காம்புதான். அதைக் கழுத்தில் பிடித்து வைக்கும் வளையமும் அநேகமாகப் பிளாஸ்டிக்.

பழைய_நர்ஸ்:
எல்லாரும் பாட்டிலின் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள், கழுத்தை யாரும் பார்க்கவில்லை. வார்டில் தாய்மார்கள் கொண்டுவரும் பாட்டிலில் நான் முதலில் திருகி எடுப்பது அந்த வளையத்தைத்தான். மரைக்குள் மஞ்சளாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும், காம்பின் விளிம்பை மடித்தால் உள்ளே புளித்த வாடை. வெளியே பாட்டில் பளபள. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருவது அங்கிருந்துதான், எவர்சில்வராலும் அல்ல, பிளாஸ்டிக்காலும் அல்ல.

என் கட்சி பாலாடை, சங்கு என்றும் சொல்வார்கள். ஒரே வழவழப்பான கிண்ணம், மரை கிடையாது, காம்பு கிடையாது, ஒரு துடைப்பில் சுத்தம். குறைமாதக் குழந்தைகளுக்கே மருத்துவமனையில் அதில்தான் புகட்டுகிறோம். ஐந்தரை மாதப் பிள்ளை சின்ன டம்ளரிலும் குடிக்கும். பால் பாட்டிலை விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்டார்கள், 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். காரணம் இல்லாமலா?

வேளச்சேரி_க்ரெச்:
நர்ஸ் அம்மா, வணக்கம். சட்டம் தடுப்பது விளம்பரத்தை, பாட்டிலை அல்ல. நான் பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறேன். ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள் பசியில் கத்தும்போது ஆயா ஒருவர் பாலாடையால் புகட்டுகிறேன் என்று உட்கார்ந்தால் மற்ற இரண்டின் கதி? அவசரத்தில் சாய்த்தால் புரை ஏறும், பாதி கழுத்து வழியாகச் சட்டைக்குள் போகும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த பால் சிந்தினால் தாய்க்கு அழுகையே வந்துவிடும்.

எவர்சில்வரும் எனக்கு ஒத்துவரவில்லை. எவ்வளவு மீதி இருக்கிறது என்று வெளியே தெரியாது. சாயங்காலம் “எவ்வளவு குடித்தான்?” என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது? கண்ணாடியில் கோடு தெரியும், அழுக்கும் தெரியும். போரோசிலிகேட் என்ற வெப்பம் தாங்கும் கண்ணாடி என்றால் சூடு குளிருக்குச் சட்டென்று விரிசல் விடாது. கனம்தான், அதனால் பிள்ளை கையில் கொடுப்பதில்லை.

பழைய_நர்ஸ்:
பாலாடையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, உதட்டோரம் வைத்து, குழந்தை விழுங்க விழுங்கச் சாய்க்கவேண்டும். ஊற்றக் கூடாது. ஆயாவுக்கு நேரமில்லை என்பது காப்பகத்தின் பிரச்சினை. இங்கே ஒரு குழந்தை, ஒரு பாட்டி.

ஓஎம்ஆர்_அப்பா:
நடுவில் வருகிறேன். 2017-ல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தத்திலிருந்தே 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்கவேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்வரலாம். பாட்டில் சண்டையை விட்டுவிட்டு ஹெச்ஆரைக் கேளுங்கள் மேடம்.

தாம்பரம்_அம்மா:
எங்கள் அலுவலகத்தில் 30 பேர்தான் சார். பாலைச் சேமிப்பது பற்றி யாராவது சொல்லுங்களேன்.

பழைய_நர்ஸ்:
சொல்கிறேன் அம்மா. வெளியே 4 மணி நேரம் வைக்கலாம் என்று எல்லா இடத்திலும் படிப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்கு. நம்ம ஊர் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது, எடுத்த உடனே ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். அங்கே 4 நாள் வரை இருக்கும். கதவில் வைக்காதீர்கள், உள்பக்கம் தள்ளி வையுங்கள். ஃபிரீசரில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும். உருகியதை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிடவேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், 4 மணி நேரம் போல உள்ளே குளிர் நிற்கும். அலுவலகத்திலிருந்து கொண்டுவர ஐஸ் பேக் வைத்த பை போதும்.

ஒவ்வொரு டப்பாவிலும் 60 மில்லி போல மட்டும் ஊற்றி, தேதி எழுதி ஒட்டுங்கள். வாய் வைத்துக் குடித்த மீதியை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சூடாக்க வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரிடத்தில் கொதிக்கும், ஓரிடத்தில் ஜில்லென்று இருக்கும், நாக்கு வெந்துவிடும்.

கொங்கு_பாட்டி:
மேலே ஆடை தனியாகப் பிரிந்து நின்றால் கெட்டுப்போனதென்று என் மருமகள் கொட்டப் பார்த்தாள். கொட்டாதே கண்ணு, கொழுப்புதான் மேலே ஏறியிருக்கிறது, மெதுவாகச் சுழற்று என்றேன். தாய்ப்பாலைக் கொட்ட எந்தப் பாட்டிக்கும் கை வராது. அதனால்தான் 60 மில்லிக் கணக்கு சரி.

கோவை_பொறியாளர்:
சிலருடைய பாலில் ஃபிரிட்ஜில் வைத்த பிறகு சோப்பு வாடை வரும். அதுவும் கெடுதல் இல்லை, லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது. பிள்ளை குடித்தால் கொடுக்கலாம். விடுப்பு முடிவதற்கு முன்பே ஒரு டப்பா வைத்துச் சோதித்துவிடுங்கள்.

எவர்சில்வர்_கட்சி:
சேமிக்கிற டப்பாவாவது எவர்சில்வரில் வாங்குங்கள்.

பாத்திரக்கடை:
மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள் சார். ஒட்டிவிட்டது என்றால் நர்ஸ் அம்மா சொன்ன அதே அழுக்கு அங்கேயும் சேரும்.

தாம்பரம்_அம்மா:
மாமியாரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். “என் பிள்ளைக்குச் சங்கில்தான் புகட்டினேன், பேரனுக்கும் அதுவே போதும்” என்று பரணில் தேட ஆரம்பித்துவிட்டார். பாலாடைக்கே முதல் வாய்ப்பு. ஒரு கண்ணாடி பாட்டிலும் வாங்கி வைக்கிறேன், பாலாடையில் அவன் முரண்டு பிடித்தால் இருக்கட்டும்.

வேளச்சேரி_க்ரெச்:
முரண்டு பிடிப்பான் பாருங்கள். பாட்டில் கழுவும் பிரஷ்ஷையும் இப்போதே வாங்கிவிடுங்கள். கழுவ ஒரு தனிப் பேசின் வேண்டும், சிங்க்கில் குழம்புப் பாத்திரத்தோடு போடாதீர்கள்.

பழைய_நர்ஸ்:
பேசின் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம்.