கிண்டியில் புதுக் கட்டடம், நாலு மாடி காலி: வாடகையைக் குறைக்கலாமா?

மொட்டைமாடி:
கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய உட்தெரு. ஸ்டில்ட் (தூண்கள் மேல் நிற்கும் பார்க்கிங் தளம்) + 5 மாடி. மாடிக்கு சூப்பர் பில்ட்-அப் (பொது இடங்களின் பங்கும் சேர்த்த அளவு) 8,400 சதுர அடி, கார்பெட் (உள்ளே புழங்கும் இடம் மட்டும்) 5,500. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிறைவுச் சான்றிதழ் வந்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டாம் மாடி மட்டும் போயிருக்கிறது. பேர் ஷெல், அதாவது உள்வேலை எதுவும் செய்யாத வெறும் தளம். கேட்பது சூப்பர் பில்ட்-அப் அடிக்கு மாதம் 70 ரூபாய், பராமரிப்பு தனி. எதிர்க் கட்டடத்தில் 75 சொல்கிறார்கள், ஆனால் அங்கேதான் ஆள் போகிறது. மின்சாரம் 200 கேவிஏ, ஜெனரேட்டர் 125. கட்டுமானக் கடன் ஓடுகிறது. வாடகையைக் காட்டி எல்ஆர்டி கடனாக (வரப்போகும் வாடகையின் பேரில் வங்கி தருவது) மாற்ற எண்ணம். புரோக்கர்கள் 60-க்கு இறங்கச் சொல்கிறார்கள். இறங்கலாமா, மாடியை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாமா?

சதுர அடி சாமி:
70 மலிவு என்று நீங்கள்தான் நினைக்கிறீர்கள். வருகிற கம்பெனியின் அட்மின் கார்பெட்டுக்குத்தான் கணக்குப் போடுவார். 8,400 × 70 = 5,88,000. அதை 5,500-ஆல் வகுத்தால் கார்பெட் அடிக்கு 107 ரூபாய். எதிர்க் கட்டடத்தின் கார்பெட் 75 சதவீதம் என்றால் அங்கே 100. உங்களுடையது 65 சதவீதம்தான். ஆள் வராததற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கும்.

அதே 100-க்கு வர 65.50 போதும். 60-க்கு இறங்குவது தேவையில்லாத தானம்.

அதற்கு முன் அந்த 8,400-ஐ ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மொட்டைமாடி, ஜெனரேட்டர் அறை, ஸ்டில்ட் எல்லாவற்றையும் மாடிகளின் தலையில் ஏற்றியிருக்கிறதா? ஏற்றியிருந்தால் கழற்றுங்கள். 7,900-க்கு வந்தால் கார்பெட் 70 சதவீதம் ஆகிவிடும். அப்போது மாத வாடகை ஐந்தரை லட்சம் என்றாலும் அடிக்கு 69.60 என்று சொல்லலாம். காசு ஒன்றுதான், படிக்கிறவர் கண்ணுக்கு வேறு. ஆர்க்கிடெக்ட் கையெழுத்திட்ட ஏரியா ஸ்டேட்மென்ட்டை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ஐந்து புரோக்கர் ஐந்து அளவு சொல்வதும் அதோடு நிற்கும்.

கேபிள் டிரே:
வாடகை பற்றி மேலே சொல்லிவிட்டார். எனக்கு உறுத்துவது 200 கேவிஏ.

ஐடி கம்பெனி வழக்கமாகக் கேட்பது 100 சதுர அடிக்கு 1 கேவிஏ. மாடிக்கு 84, ஐந்து மாடிக்கு 420. எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதாக இழுக்க மாட்டார்கள் என்றாலும் 250, 300 வேண்டும். இரண்டு பேர் வந்ததும் உங்கள் கை கட்டப்பட்டுவிடும். இன்றே லோடு ஏற்றினால் காலி மாடிக்கும் டிமாண்ட் சார்ஜ் (வாங்கிய லோடுக்கான மாதக் கட்டணம்) கட்ட வேண்டிவரும். அதனால் லோடு இப்போது வேண்டாம். பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கும் இரண்டாவது ஜெனரேட்டருக்கும் இடமும் கேபிள் வழியும் இருப்பதை வரைபடத்தில் காட்டுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானால் இத்தனை நாளில் தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். ஜெனரேட்டர் 125-ஐ வைத்துக்கொண்டு '100 சதவீத பேக்கப்' என்று விளம்பரத்தில் போடாதீர்கள், முதல் சைட் விசிட்டிலேயே மாட்டும்.

அடுத்து கழிவறை. 5,500 கார்பெட்டில் 90 சீட் வரும். பாதிப் பேர் பெண்கள் என்று வையுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்புப்படி பெண்களுக்கு 15 பேருக்கு ஒன்று, ஆண்களுக்கு 25 பேருக்கு ஒன்று. அப்படியானால் பெண்கள் பக்கம் மூன்று வேண்டும். பல கட்டடங்களில் இரண்டுதான் இருக்கிறது. பிறகு சேர்க்க வேண்டுமானால் கீழ் மாடிக்காரர் தலைக்கு மேல் குழாய் போட வேண்டும், அவர் விடமாட்டார். மாடிகள் காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

பிரிப்பது பற்றி: இரு பாதியில் இருப்பவரும் இரண்டு படிக்கட்டுக்கும் அடுத்தவர் ஆபீசுக்குள் நுழையாமல் போக வேண்டும். அதற்கு 5 அடி அகல நடைபாதை 70 அடி நீளம் ஓடினாலே 350 சதுர அடி போச்சு. ஏற்கெனவே குறைவான கார்பெட் இன்னும் குறையும். சப்-மீட்டரும் ஏசி வெளி யூனிட்டுக்கு இடமும் தனித்தனியாகத் தர வேண்டும். முதல் மாடியை மட்டும் பிரியுங்கள். 3, 4, 5 சேர்ந்தாற்போல் 25,000 சதுர அடி கையில் இருக்கிறது. நாலாம் மாடியைச் சின்ன ஆளுக்குக் கொடுத்து அதை உடைத்துவிடாதீர்கள்.

மொட்டைமாடி:
பெண்கள் பக்கம் இரண்டுதான் இருக்கிறது. ஏரியா ஸ்டேட்மென்ட்டில் ஜெனரேட்டர் அறையும் ஏறியிருக்கிறது. வாடகையைக் குறைக்காமல் வேறு என்ன கொடுக்கலாம்?

பத்திரம் பாலு:
வாடகை இல்லா மாதங்களைக் கொடுங்கள். 36 மாத லாக்-இன்னில் (வாடகைதாரர் காலி செய்யக் கூடாத காலம்) 4 மாதம் விட்டால் உங்கள் கைக்கு வருவது அடிக்கு 62.20. ஆனால் பத்திரத்தில் 70 நிற்கும். மூன்று வருடம் கழித்து 15 சதவீத உயர்வு 70-ன் மேல் ஏறி 80.50 ஆகும், 62-ல் ஆரம்பித்தால் 71.30 தான். எல்ஆர்டி கொடுக்கும் வங்கியும் பதிவான வாடகையையும் லாக்-இன்னையும்தான் முதலில் பார்க்கும். 4 மாதத்தையும் மொத்தமாக முதலிலேயே விடாமல், இரண்டை ஃபிட்-அவுட்டுக்கும் (வாடகைதாரர் உள்வேலை செய்யும் காலம்), மீதியை 13-வது, 25-வது மாதங்களிலும் வைத்தால் ஆள் பாதியில் ஓடமாட்டார்.

பலர் கோட்டை விடுவது ஒன்று: கட்டுமானக் கடன் கொடுத்த வங்கியின் தடையின்மைச் சான்று. இடம் அடமானத்தில் இருக்கும்போது அது இல்லாமல் பெரிய கம்பெனியின் வக்கீல் கையெழுத்துக்கு ஒப்புதல் தரமாட்டார். இப்போதே எழுதிக் கேளுங்கள், அது வாரக்கணக்கில் இழுக்கும். அதோடு பட்டா, தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி, நிறைவுச் சான்றிதழ், தீயணைப்புத் துறைச் சான்று, லிஃப்ட் உரிமம், சொத்து வரி ரசீது எல்லாம் ஒரே ஃபைலில் தயாராக இருக்கட்டும்.

முத்திரைத் தீர்வை மொத்த வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் சேர்த்து 1 சதவீதம். 5,53,000 (7,900 × 70) மாத வாடகையில் 9 வருடப் பத்திரம், உயர்வுகளோடு, ஏறக்குறைய 7 லட்சம் ஆகும். வழக்கமாக வாடகைதாரர் தலையில்தான் விழும். சின்ன கம்பெனி இந்த எண்ணைப் பார்த்தே பின்வாங்கும், பாதியை ஏற்கத் தயார் என்று சொல்லிப் பாருங்கள்.

வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஐடி கம்பெனிக்கு அது கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிவாக, திரும்பும், கிளினிக்குக்குத் திரும்பாது. அவருக்கு 70 என்பது 82.60. யாரிடம் பேரம் பேசுகிறீர்கள் என்று பார்த்துப் பேசுங்கள்.

சதுர அடி சாமி:
90 சீட் கம்பெனிக்குக் கையில் ஃபிட்-அவுட் காசு இருக்காது, பேர் ஷெல்லைப் பார்த்ததும் எல்லாம் தயாராக இருக்கும் மேனேஜ்டு ஆபீசுக்குப் போய்விடுவார். முதல் மாடியை மட்டும் ஏசி, ஃபால்ஸ் சீலிங், மேஜை நாற்காலியோடு தயார் செய்யுங்கள். சிவில் வேலைக்கு ஜிஎஸ்டி கிரெடிட் கிடைக்காது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்ட வழியை 2025 நிதிச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் பின்தேதியிட்டு அடைத்துவிட்டது. கழற்றி எடுக்கக்கூடிய மேஜை நாற்காலிக்கு இந்தத் தடை இல்லை. பில்லை ஒரே ஒப்பந்தமாகப் போடாமல் தனித்தனியாக வாங்குங்கள். பெண்கள் கழிவறையை அதே ஆட்களை வைத்து முடித்துவிடலாம், முதல் மாடியில் ஆரம்பித்து மேலே போகச் சொல்லுங்கள்.