எடின்பரோவிலிருந்து இரண்டு நாள் கோல்ஃப் பயணம்: புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சில யோசனைகள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வேலைக்கு வந்து நான்கு மாதமே ஆன நண்பர் ஒருவர், மே மாதத்தில் நான்கு பேராகக் கடலோரம் சென்று ஒரு வார இறுதி முழுக்க கோல்ஃப் ஆட விரும்புவதாகவும், நால்வரில் இருவர் இப்போதுதான் மட்டை பிடிக்கக் கற்றிருப்பதாகவும் எழுதியிருந்தார். கோல்ஃபின் தாயகம் என்று புகழப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலிருந்து தொடங்கலாமா என்பது அவருடைய முதல் கேள்வி. வேண்டாம் என்பதே என் பதில். அங்குள்ள ஓல்டு கோர்ஸ் மைதானத்தில் முன்பதிவு இல்லாதவர்கள் இரண்டு நாளுக்கு முன் நடக்கும் குலுக்கலை நம்பித்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டமே கிடையாது. ஊரார் நாய்களோடு உலாவ வந்துவிடுவார்கள். சனி, ஞாயிறு மட்டுமே விடுப்பு உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

அதற்குப் பதிலாக நகருக்குக் கிழக்கே உள்ள ஈஸ்ட் லோதியன் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். எடின்பரோ வேவர்லி நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடத்தில் நார்த் பெரிக் என்னும் சிறிய துறைமுக ஊரில் இறங்கலாம்; மட்டைப் பைகளைக் கையோடு கொண்டுபோகலாம். இரண்டு இரவும் அதே ஊரில் தங்குங்கள். ஒவ்வோர் இரவும் ஓர் ஊர் என்று திட்டமிடுகிறவர்களின் பயணத்தில் பாதி நேரம் பெட்டி கட்டுவதிலேயே கழிந்துவிடும் என்பதை நான் என் முதல் பயணத்தில் பட்டே தெரிந்துகொண்டேன்.

இக்கரையில் உள்ளவை பெரும்பாலும் லிங்க்ஸ் வகை மைதானங்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவிலுள்ள மணற்பாங்கான மேடுபள்ள நிலத்தில் மரமின்றி, காற்றுக்கு முழுவதுமாகத் திறந்து கிடப்பவை. நம் ஊர் மைதானங்களில் பந்தை உயரத் தூக்கி அடித்துப் பழகியவர்களுக்கு இங்கே முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாகவே இருக்கும், ஏனெனில் உயரப் போகும் பந்தைக் காற்று எங்கோ கொண்டுபோய்விடும். நிலம் இறுகி இருப்பதால் தாழ்வாக அடித்து உருளவிடுவதுதான் இங்குள்ளவர்களின் வழக்கம். புதிதாகக் கற்பவர்களுக்கு இது ஒருவகையில் வசதி. தரையோடு உருளும் பந்தும், குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய 'கிரீன்' வரை போய்ச் சேர்ந்துவிடும்.

முதல் நாளை மஸல்பரோ ஓல்டு லிங்க்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது குழிகளே உள்ள இந்த மைதானம் எடின்பரோவை ஒட்டிய ஊரில் இருக்கிறது, கட்டணமும் குறைவு. இங்கே 1672-இல் கோல்ஃப் ஆடியதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1874-க்கும் 1889-க்கும் இடையே கோல்ஃபின் பெரும் போட்டிகளில் ஒன்றான ஓபன் ஆறு முறை நடந்திருக்கிறது. மைதானம் குதிரைப் பந்தயத் திடலின் நடுவே அமைந்திருப்பதால், கிண்டிப் பந்தயத் திடலுக்குள் ஜிம்கானா கிளப்பினர் ஆடியதைப் பார்த்தவர்களுக்குக் காட்சி பழகியதாகவே தோன்றும். பந்தய நாட்களில் ஆட முடியாது, தேதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் குழியின் விட்டம் நாலேகால் அங்குலமாக இருப்பதற்கும் இவ்வூரில் 1829-இல் செய்யப்பட்ட குழிவெட்டும் கருவியே மூலம் என்பார்கள்.

இரண்டாம் நாள் நார்த் பெரிக்கின் வெஸ்ட் லிங்க்ஸ். பயணத்தின் பணமெல்லாம் இங்கேதான் செலவாகும். கோடைக்காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 200 பவுண்டுக்கு மேல் போகும். புதியவர்கள் இருவருக்கும் அது மிகை என்று தோன்றினால், அவர்கள் ஊரின் கிழக்குப் பக்கத்திலுள்ள கிளென் மைதானத்தில் குறைந்த கட்டணத்தில் ஆடட்டும். கடலுக்குள் நிற்கும் பாஸ் ராக் பாறை அங்கிருந்துதான் இன்னும் நன்றாகத் தெரியும். கோடையில் அந்தப் பாறை வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம் அங்கே பல்லாயிரக்கணக்கில் கூடு கட்டியிருக்கும் கேனட் என்னும் கடற்பறவைகளும் அவற்றின் எச்சமும்தான்.

வெஸ்ட் லிங்க்ஸின் பதினைந்தாம் குழியான ரெடானை உலகின் பல மைதானங்கள் நகலெடுத்திருக்கின்றன. என் மனத்தில் நிற்பது பதின்மூன்றாம் குழிதான். அங்கே கிரீனுக்கு முன்னால் இடுப்பளவுகூட இல்லாத பழைய கல் சுவர் ஒன்று குறுக்கே ஓடுகிறது. என் பந்து அந்தச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பாசி படிந்த கல்லின் நிழலில் போய் நின்றது. மட்டையைப் பின்னுக்கு ஓங்க இடமிருந்தது, பந்து போக வழியில்லை. வந்த திசையிலேயே திருப்பி அடித்துவிட்டு, மீண்டும் அடித்துச் சுவரைத் தாண்டவைத்தேன். உடன் வந்த மூவரும் அதை இன்றுவரை மறக்கவில்லை.

சில நடைமுறைகளைச் சொல்லிவிடுகிறேன். காலர் வைத்த சட்டை அணியுங்கள், ஜீன்ஸ் வேண்டாம். மைதானத்தில் கோல்ஃப் வண்டியில் சுற்றலாம் என்று எண்ணாதீர்கள், பெரும்பாலும் நடைதான். சில கிளப்புகள் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) சான்று கேட்கும் என்பதால் பதிவு செய்யும்போதே விசாரியுங்கள். பந்து யார் பக்கமாவது பறந்தால் வெட்கப்படாமல் "ஃபோர்!" என்று உரக்கக் கத்த வேண்டும். பின்னால் வருபவர்கள் வேகமாக இருந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும்; மெதுவாக ஆடுவதைத்தான் இங்கே பெரிய குற்றமாகக் கருதுகிறார்கள், மோசமாக ஆடுவதை அல்ல. மே மாதத்திலும் வட கடலின் குளிர்ந்த நீர்மேல் வெதுவெதுப்பான காற்று படிந்து "ஹார்" எனப்படும் மூடுபனி திடீரென்று கரையேறும், ஆகவே மழைச்சட்டையோடு மழைக் காற்சட்டையும் அவசியம்.

கார் எடுப்பதாக இருந்தால், இங்கே குடியேறிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை இந்திய உரிமத்தில் ஓட்டலாம். ஆனால் ஸ்காட்லாந்தில் மது அளவு வரம்பு 2014 முதல் 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தின் 80-ஐ விடக் குறைவு. ஆட்டம் முடிந்து கிளப்பில் ஒரு கோப்பை குடிக்கும் எண்ணம் இருந்தால் ரயிலே நல்லது.

மனைவி, பிள்ளைகளையும் அழைத்து வரலாமா என்றும் நண்பர் கேட்டிருந்தார். தாராளமாக. பக்கத்து ஊரான கல்லனில் சிறுவர்களுக்கென்றே ஒரு குட்டி மைதானம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே கட்டணமின்றி ஆடலாம். எலுமிச்சைச் சாதம் கட்டி எடுத்துப் போங்கள், ஆனால் கிளப்புக்குள் பிரிக்காமல் கடற்கரை மணலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடற்காக்கைகளிடம் மட்டும் கவனமாக இருங்கள், கையிலிருப்பதையே பிடுங்கிக்கொண்டு போகும்.