புதுப்பிப்பு: கம்பளைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் எங்கள் தரம் 9 வகுப்பும்

இலங்கையின் கம்பளைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துப் பொருட்களைக் கைபேசியால் முப்பரிமாண உருக்களாக்கி வரலாறு கற்பிக்கப் போவதாகச் சென்ற தவணையில் எழுதியிருந்தேன். அதன் பின் நடந்தவற்றை இங்கே பதிகிறேன்.

தேயிலைச் செடிகளின் கிளைகளை வெட்டப் பயன்படும் கவ்வாத்துக் கத்தியின் உரு நன்றாக வந்தது. பொருளைச் சுற்றி நகர்ந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியை மீண்டும் காட்டுமாறு எடுத்தால்தான் செயலி அவற்றைப் பொருத்தி உருவமாக்கும் என்பதை மாணவர்கள் விரைவில் புரிந்துகொண்டனர். எண் பொறித்த உலோகத் தகடோ ஒளியைத் தெறித்ததால் சிதைந்தே வந்தது. சன்னலோரத்தின் மங்கிய வெளிச்சத்தில் மீண்டும் எடுத்தபோது எண்கள் ஓரளவு தெளிந்தன.

ஆனால், உண்மையான பாடம் வீடுகளில்தான் நிகழ்ந்தது. அந்த உருவைத் திரையில் சுழற்றிக் காட்டிய மாணவி ஒருத்தியிடம், அவளுடைய அம்மாயி, தொழிலாளர்களைக் காலையில் கூட்டி வேலைக்குப் பிரித்தனுப்பும் பிரட்டுக்களத்தில் தங்கள் பேர் கூப்பிடப்பட்ட விதத்தையும், இலங்கையும் இந்தியாவும் 1964 ஆம் ஆண்டில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தம் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியதையும் சொல்லியிருக்கிறார். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென அவ்வொப்பந்தம் வகுத்ததை நான் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். அந்த எண்ணுக்குள் தன் உறவினர் இருப்பதை அவள் அன்றுதான் அறிந்தாள்.

அடுத்து, இத்தகைய நினைவுகளின் குரல்பதிவுகளை, சொன்னவரின் சம்மதத்துடன் மட்டும், அந்தந்தப் பொருளின் உருவோடு இணைக்கவிருக்கிறோம்.