ஹெபடைடிஸ் ஜி: அழற்சி இல்லாத அழற்சிக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

நுண்ணுயிரியல் முதலாண்டுப் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பு போயாக வேண்டும். ஹெபடைடிஸ் ஏ முதல் இ வரை 'கல்லீரல் அழற்சி' என்று எழுதிக்கொண்டே வந்தேன், சிக்கலில்லை. ஜி-யில் வந்து மாட்டிக்கொண்டேன். தலைப்பு 'கல்லீரல் அழற்சி ஜி தீநுண்மி' (தீநுண்மி என்றால் வைரஸ்). அதற்கு அடுத்த வரியே, 'இது கல்லீரல் அழற்சியை உண்டாக்குவதாகத் தெரியவில்லை'. கிரேக்கச் சொல்லுக்குள் பொய் ஒளிந்துகொள்கிறது. தமிழில் எழுதினால் வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– க.

* * *

தம்பி, ஆய்வகத்தில் இருப்பவள் என்பதால் முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1960-களில் கல்லீரல் அழற்சி கண்ட அறுவை மருத்துவர் ஒருவரின் குருதிநீரை டாமரின் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அவர் பெயரின் முதலெழுத்துகள் ஜி, பி. 1995-இல் அந்தக் குரங்குகளின் வழியில் ஜிபி-ஏ, ஜிபி-பி என இரண்டு வைரஸ்கள் பிடிபட்டன. பிறகு மனிதர்களிடம் ஜிபி-சி. அது அந்த மருத்துவரின் குருதியிலிருந்து வந்ததே அல்ல, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஏறக்குறைய அதே நேரத்தில் வேறொரு குழு இதையே கண்டு 'ஹெபடைடிஸ் ஜி' என்றது. இரண்டும் ஒன்றுதான்.

இது பெருகுவது வெள்ளணுக்களில், கல்லீரலில் அல்ல. குருதி வழியாகவும், உடலுறவாலும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். வளர்ந்த நாடுகளில் நலமாயிருக்கும் குருதிக் கொடையாளர்களிலேயே நூற்றில் 1 முதல் 4 பேர் வரை இதைச் சுமக்கிறார்கள். குருதி வங்கிகள் வழக்கமாக இதைச் சோதிப்பதும் இல்லை. அதனால் 'நோய் பரவும் வழிகள்' என்று துணைத்தலைப்பு போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள், 'தொற்று பரவும் வழிகள்' போதும்.
– ம.

* * *

அழற்சியை விடுங்கள், 'தீநுண்மி' மட்டும் சரியா? 2001-இல் வந்த ஆய்வுகளில், எச்ஐவியோடு இதுவும் சேர்ந்திருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகக் கண்டார்கள். காரணம் இதுதானா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அப்படிப்பட்டதன் தலையில் 'தீ' வைக்கலாமா?

சுவையான செய்தி ஒன்று. அழற்சிக்கு வேர் அழல், அதாவது நெருப்பு. 'இன்ஃப்ளமேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் நெருப்புதான். ஆக 'கல்லீரல் அழற்சி ஜி தீநுண்மி' என்றால் ஒரே பெயரில் இரண்டு இடத்தில் பற்றவைக்கிறோம், எரிவதோ ஒன்றுமில்லை. என் பரிந்துரை: வெறும் 'நுண்மி'.
– செ.

* * *

செ. ஐயா, தீநுண்மியில் உள்ள 'தீ' நெருப்பல்ல, தீமை. மேலும் 'நுண்மி' என்று மொட்டையாக விட்டால் பாக்டீரியாவும் அதற்குள் வந்து உட்காரும். நான் 'நச்சுயிரி' கட்சி. வைரஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கே நஞ்சு என்றுதான் பொருள்.

எப்படியும் பெயர் என்பது பிறந்தபோது காரணப்பெயர், புழங்கியபின் இடுகுறி. ஒரு கால் ஒடிந்தாலும் நாற்காலி நாற்காலிதானே? கல்லீரல் அழற்சி ஜி-யும் அப்படியே இருக்கட்டும்.
– மு.

* * *

ஒரு கால் போனால் அதற்கு முக்காலி என்று பெயர் இருக்கிறது, ஐயா.
– செ.

* * *

ஐயா இருவருக்கும் நன்றி. இன்று புதன்.

2011-இல் 'பெகிவைரஸ்' என்று பெயர் மாற்ற முன்மொழிந்தார்களாம். 'நிலைத்திருப்பது' என்று பொருள்படும் 'பெர்சிஸ்டென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் துண்டோடு ஜி-யை ஒட்டியது. அப்படியானால் 'உறைநுண்மி' எப்படி? உறைதல், தங்குதல்.
– க.

* * *

தம்பி, வேண்டாம். இந்த வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. மாணவர்கள் அந்த 'உறை' என்றுதான் படிப்பார்கள். 'தங்குநுண்மி' என்றாலும் முழு உண்மையில்லை. பலருக்கு நாளடைவில் எதிர்பொருள் உருவாகி இது உடலை விட்டே போய்விடும்.

என் கவலை வேறு. 'செங்குத்துப் பரவல்' என்று எழுதியிருக்கிறீர்கள். சுவரில் பல்லி ஏறுகிற மாதிரி இருக்கிறது. 'தாய்–சேய்ப் பரவல்' என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே விளங்கும்.
– ம.

* * *

'கொடிவழிப் பரவல்' எனலாமே! கொடிவழி என்றால் வம்சம், தொப்புள்கொடியும் அதில் தொனிக்கும்.
– செ.

* * *

அழகாக இருக்கிறது, அதுதான் ஆபத்து. மரபணு வழியாக வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பிள்ளைப்பேற்றின்போது தொற்றுவதும் இதில் அடக்கம். தவிர, 'பரவல்' என்பதைக் 'கடத்தல்' என்று மாற்றச் சொல்லி யாரோ எனக்குத் தனிமடல் போட்டிருக்கிறார்கள். தாய் சேயைக் கடத்திய வழக்காகிவிடும், வேண்டாம்.
– ம.

* * *

கோப்பை அனுப்பிவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் 'ஹெபடைடிஸ் ஜி வைரஸ் எனப்பட்ட மனிதப் பெகிவைரஸ்', பிறகு பெகிவைரஸ் மட்டும். ஏ முதல் இ வரை கல்லீரல் அழற்சியே. தாய்–சேய்ப் பரவலுக்கு நான்கு பேர் ஆதரவு, கொடிவழிக்கு ஒருவர். படத்துக்குள் ஓரிடத்தில் 'நச்சுயிரி' நின்றுவிட்டது, திருத்த வழியில்லை. மு. ஐயா மகிழலாம்.
– க.

* * *

மகிழ்ச்சி இல்லை. தமிழாக்கம் கேட்டால் 'பெகிவைரஸ்' என்று எழுத்துப்பெயர்ப்பு செய்து அனுப்பியிருக்கிறோம். என் மறுப்பைக் குழுமத்தில் பதிந்து வைக்கவும்.
– மு.

* * *

பதிந்தாயிற்று. முக்காலிக்கு இன்னும் பதில் வரவில்லை.
– செ.