லைனில் யாரும் வாயைத் திறப்பதில்லை, என்ன செய்யலாம்?

ஆம்பூர்க்காரன்:
ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தையல் லைனுக்கு சூப்பர்வைசர் நான். 34 பேர், முக்கால்வாசி பெண்கள், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். லீவு அதிகம் இல்லை, டார்கெட்டும் எப்படியோ முடிகிறது, ஆனால் வேலையில் ஒட்டுதலே இல்லை. போன வாரம் ஒரு கட்டு முழுக்க இடது, வலது லைனிங் மாறித் தைத்து வந்தது, நாலு பேர் கை மாறி வந்திருக்கிறது, ஒருத்தரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் நூல் பிரிந்திருந்தாலே கூப்பிட்டுக் காட்டுகிற ஒரு அக்கா இப்போது தலை நிமிர்வதே இல்லை. இன்சென்டிவ் கொடுத்துப் பார்த்தார்கள், இரண்டு வாரம் ஓடியது, அப்புறம் பழையபடிதான். எல்லாம் நல்ல கைகள், யாரையும் அனுப்ப மனசில்லை.

தையல்மெஷின்:
ஒன்பது வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள் சொல்கிறேன் தம்பி. ஊசி உடைந்தால் உங்கள் லைனில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடைந்த துண்டு அத்தனையும் தேடி ஒப்படைத்தால்தான் புது ஊசி, அது சரி, ஷூவுக்குள் இரும்பு போய்விடக் கூடாது. ஆனால் நான் இருந்த இடத்தில் துண்டோடு போனவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து "கண்ணு எங்க இருந்துச்சு" என்பார்கள், தேடின நேரமும் அவள் கணக்கில்தான் குறையும். இரண்டு தடவை அப்படி நின்றேன், அதற்குப் பிறகு எந்தத் தப்பைப் பார்த்தாலும் வாயைத் திறந்ததில்லை. அந்த அக்கா எப்போதிலிருந்து பேசவில்லை என்று யோசியுங்கள், அந்தச் சமயத்தில் ஏதோ நடந்திருக்கும்.

ராணிப்பேட்டை ஹெச்ஆர்:
ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் சுமார் 200 இன்ஜினியர்கள், கணக்காளர்களிடம் பேசி 1959இல் சொன்னது இதுதான்: சம்பளம் சரியாக இருந்தால் வெறுப்பு குறையும், பிடிப்பு வருவது செய்த வேலையை ஒருவர் மதிக்கும்போது. ஆனால் இதைக் காட்டி போனஸைச் சட்டப்படி குறைந்தபட்சமான 8.33 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் பாராட்டில் கட்ட முடியாது. இரண்டும் வேண்டும்.

ஆம்பூர்க்காரன்:
யோசித்துப் பார்த்தேன். ஏப்ரலில் அந்த அக்கா ஒரு லாட்டில் தோல் நிறம் மாறுகிறது என்று சொன்னார், ஷிப்மெண்ட் அவசரத்தில் "நீங்க தைங்க" என்றேன். லாட் ரிஜெக்ட் ஆனது, திட்டு வாங்கியது தைத்தவர்கள்தான், நான் வாயே திறக்கவில்லை. இன்று சாப்பாட்டு நேரத்தில் போய், நீங்கள் சொன்னது சரி, நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். "சரி சார்" என்று டிபன் பாக்ஸ் கழுவப் போய்விட்டார். மூன்று மணிக்கு ஒரு பீஸைத் தூக்கிக் காட்டினார், தோலில் நரம்பு தெரிந்தது. கட்டிங்கில் சொல்லி அந்தத் தோலை நிறுத்தினேன், லைன் பத்து நிமிஷம் நின்றது. அதை யார் கணக்கிலும் ஏற்றக் கூடாது என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.