நீலகிரி 250 கோடி ஆண்டுகளாக நிற்கிறதா?

கல்தச்சன்:
"நீலகிரி 250 கோடி ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது, இமயமெல்லாம் நேற்றுப் பிறந்தது" என்று குன்னூரான் எழுதியிருக்கிறார். இதை எத்தனை முறைதான் படிப்பது! 250 கோடி என்பது அங்குள்ள சார்னோகைட் பாறையின் வயது, மலையின் வயதல்ல. அந்தப் பாறை உருவானபோது தரைக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே கிடந்தது. இன்று அது தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயரத்தில் வெயில் காய்கிறது என்றால், அதற்கு மேல் இருந்த அத்தனையும் அரித்துப் போயிருக்கிறது.

குன்னூரான்:
பாறை இல்லாமல் மலை ஏது ஐயா? 250 கோடி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை இமயத்தைவிட மூத்தது என்று 2012-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது யுனெஸ்கோவே சொல்லிவிட்டது. நான் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கல்தச்சன்:
மூத்தது என்றுதான் யுனெஸ்கோ சொன்னது. 250 கோடி என்று எங்கே சொன்னது? உங்கள் கணக்குப்படி பார்த்தால் எவரெஸ்ட் உச்சிக்கு வயது 45 கோடிக்கு மேல். அங்கே இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், பழைய கடலுயிர்களின் துணுக்குகள் அதில் கிடக்கின்றன. இந்தியா ஆசியாவோடு மோதியதோ ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். கடலுக்கடியில் கிடந்த காலத்தையும் மலையின் வயதில் சேர்ப்பீர்களா?

பல்லாவரத்தார்:
சார்னோகைட் என்றால் எங்கள் பரங்கிமலையை மறக்காதீர்கள். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தப் பெயரை வைத்தார். அவர் ஆராய்ந்த கல் எங்கள் ஊர்க் கல். பெருமை முழுவதும் நீலகிரிக்கே போவது என்ன நியாயம்?

குன்னூரான்:
அது குன்று. இங்கே மலையைப் பற்றிப் பேசுகிறோம்.

பல்லாவரத்தார்:
உயரம் குறைந்தால் கல்லின் மதிப்புக் குறைந்துவிடுமா? வாய்க்கு வந்ததை எழுதாதீர்கள்.

கல்தச்சன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன்! ஒரே வகைக் கல் ஓரிடத்தில் குன்று, இன்னோரிடத்தில் வானைத் தொடும் மலை. அப்படியானால் கல்லின் வயது மலையின் வயதை எப்படிச் சொல்லும்? முதுகலை படித்தபோது ஒரு மழைக்காலம் முழுவதும் நான் பாறையிலிருந்து பிரித்த அபடைட் என்னும் கனிமத்தின் படிகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரைத் துகளைவிடச் சிறியவை. பிசினில் பதித்து, மெருகேற்றி, நைட்ரிக் அமிலத்தில் சில நொடிகள் நனைத்தால் நுண்ணோக்கியில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். யுரேனிய அணு பிளந்த தழும்புகள் அவை. 110 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு இருந்தால் தழும்பு ஆறிவிடும், குளிர்ந்த பிறகு விழுந்தவைதான் நிலைக்கும். அவற்றை எண்ணி, யுரேனியத்தின் அளவோடு ஒப்பிட்டால், அந்தக் கல் அவ்வளவு சூடான மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரத் தொடங்கிய காலம் கிடைக்கும்.

தக்கணவாசி:
அது குளிர்ந்த காலம், எழுந்த காலமல்ல. நிலம் உயராமலே மேல்மண் அரித்துப் போனாலும் கல் குளிரும். பாலக்காட்டுக் கணவாய் பற்றிய இழையிலும் நீங்கள் இதே தவறைத்தான் செய்தீர்கள். சுட்டிக்காட்டியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கல்தச்சன்:
அங்கே பதில் எழுதியிருக்கிறேன், நீங்கள் படிக்கவில்லை. இங்கே கேள்வி 250 கோடி. மகாபலேசுவரத்துக்குப் போய்ப் பாருங்கள், மலை முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். அந்தக் குழம்பு வழிந்ததே ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைதான். அது எப்படி 250 கோடி ஆண்டுகளாக நிற்கும்?

தக்கணவாசி:
அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கொங்கணத் தாழ்நிலத்துச் செம்புரைக்கல்லில் உள்ள மாங்கனீசுக் கனிமங்களை ஆர்கான் வாயுவைக் கொண்டு வயது காணும் முறையில் அளந்து 4.7 கோடி ஆண்டுகள் என்று கண்டிருக்கிறார்கள். அதாவது சரிவின் அடியில் உள்ள அந்தத் தாழ்நிலமும், அதனால் மேற்குச் சரிவும், அதற்கு முன்பே அங்கே இருந்திருக்கின்றன. உங்கள் தழும்புக் கணக்கைவிட இது நேரடிச் சான்று.

குன்னூரான்:
மகாபலேசுவரம் மராட்டியத்தில் இருக்கிறது. நான் நீலகிரியைச் சொன்னேன். நீலகிரிப் பாறைக்கு 250 கோடி. இதை மறுக்க முடியுமா, முடியாதா?

கல்தச்சன்:
பாறைக்கு! பாறைக்கு! மலைக்கு அல்ல!

பல்லாவரத்தார்:
பரங்கிமலையைக் குன்று என்றவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.